கோத்தா திங்கியில் ஒரு பலாச்சுளை

பிந்தான் தீவுக்காரர்களோ அவர்கள் வழிவந்தவர்களோ கோத்தா திங்கி மண்ணில் கால் வைத்தால் ரத்தம் கக்கிச் சாவார்கள். ஏழு தலைமுறைக்கு இந்தச் சாபம். இட்டவர் ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷா. ஆண்டு 1699. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று தாராளமாகப் போட்டாலும் கெடு 1909-இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தீவோடு பூர்விக உறவுள்ள சிலர் இன்னும் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள் என்று கேள்வி. சாபத்துக்குக் கணக்குவழக்கு தெரியாது போலிருக்கிறது.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். உலு திராம் தாண்டியதும் கடைகள் குறைந்து இரு பக்கமும் செம்பனை தொடங்கிவிடுகிறது. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நிழல். வண்டி ஓட்டிய அண்ணன் இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். "இதெல்லாம் கித்தா மரம் சார் அப்ப. எங்கம்மா இங்கதான் பால் மரம் வெட்டுனாங்க" என்று கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். கித்தா என்றால் ரப்பர். அவர் காட்டிய பக்கம் இருந்ததும் செம்பனைதான். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி முழுகிய கதையை ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். பேய்க் கதை கேட்க வந்த என்னிடம் அவர் தண்ணீர்க் கதை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அது அவர் கண்ணால் கண்டது.

சுல்தானின் அடக்கத்தலம் இருக்கும் இடத்துக்குப் பெயரே கம்போங் மாக்காம், கல்லறைக் கிராமம். கூரைக்குக் கீழே கல்லறை, அதன் மேல் அரச குலத்துக்கு உரிய மஞ்சள் துணி. வயதான மலாய்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக, குதிகால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஏந்திக்கொண்டார். என்ன வேண்டினாரோ. உள்ளே கிடப்பவர் சாகும்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆள் தோளில் அமர்ந்து போனபோது குத்திக் கொன்றார்கள். அதனால்தான் அவரை இன்றும் 'தோளில் சுமக்கப்பட்டபோது மாண்ட மஹ்மூத்' என்றே அழைக்கிறார்கள்.

குத்தியவர் மெகாட் ஸ்ரீ ராமா, பிந்தானின் லக்சமானா, அதாவது கடற்படைத் தலைவர். காரணம் ஒரு பலாச்சுளை.

கதை மலாய் நாடு முழுக்கத் தெரிந்தது. லக்சமானா கடற்கொள்ளையரை அடக்கப் போயிருந்தார். வீட்டில் நிறைமாத மனைவி டாங் அனோம். அரண்மனைத் தோட்டத்துப் பலாப்பழம் கண்ணில் பட, மசக்கை. தோட்டத்துப் பொறுப்பாளர் மனமிரங்கி ஒரு சுளை எடுத்துக் கொடுத்தார். பழம் சுல்தானிடம் போனபோது சுளை குறைந்திருந்தது. யார் தின்றது என்ற கேள்வி. டாங் அனோம் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, வயிற்றிலிருக்கும் பிள்ளை கேட்டது என்றாள். நம் ஊரில் எந்தக் கிழவியும் ஒப்புக்கொள்ளும் பதில். மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் கொடுக்காதவருக்குத்தான் பாவம். ஆனால் சுல்தானுக்கு நிரூபணம் தேவைப்பட்டது. பிள்ளைதான் தின்றதா, பார்த்துவிடலாம் என்று வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். கிழித்தார்கள். சிசுவின் வாயில் பலாச்சுளை இருந்தது என்று கதை முடிகிறது.

இந்தக் கடைசி வரியில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். கதை சொல்லிகள் அவளுக்கு நீதி செய்துவிட்டார்கள், அவள் சொன்னது உண்மை என்று காட்டிவிட்டார்கள். அந்த உண்மையைக் காட்ட அவள் செத்தாக வேண்டியிருந்தது. மதுரையில் கோவலனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பொற்கொல்லன் சொல் ஒரு பக்கம், அதற்குக் குறுக்குக் கேள்வி கேட்காத அரசன் இன்னொரு பக்கம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது கேட்டுக்கொண்டிருக்கக் கோவலன் இல்லை. அங்கே மனைவி பழிவாங்கினாள், இங்கே கணவன்.

வரலாறு இவ்வளவு நேராக இல்லை. ஜொகூர் அரசைப் பற்றி விரிவாக எழுதிய லெனர்ட் ஆண்டாயா, இது ஒரு தனி மனிதனின் ஆத்திரக் கொலை என்று பார்க்கவில்லை. பெருங்குடித் தலைவர்களின் கையும் இதில் இருந்தது. சுல்தானுக்கு வாரிசு இல்லை. முதலமைச்சர் நிலையிலிருந்த பெண்டஹாரா அரியணை ஏறினார். மலாய் மரபில் அரசனைக் கொல்வது பொறுக்க முடியாத துரோகம். அப்படியொரு காரியத்தைச் செய்து முடித்தபின், செத்தவர் மீது எவ்வளவு பழி சேர்கிறதோ அவ்வளவு நல்லது. சுல்தானுக்கு மனிதப் பெண்களே பிடிக்காது, அவர் ஒரு 'பெரி'யோடு, நம் பேச்சில் மோகினி என்று வைத்துக்கொள்ளலாம், குடும்பம் நடத்தினார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கும் பிற்பாடு உபயோகம் இருந்தது. மோகினியை மீறிப் பிறந்த ஒரே மகன் நான்தான் என்று ராஜா கெச்சில் என்பவர் சுமத்ராவின் சியாக்கிலிருந்து படையோடு வந்து 1718-இல் ஜொகூரைப் பிடித்தார். பேயோடு உறவு என்ற குற்றச்சாட்டை வைத்து ஒரு கூட்டம் அரசனைக் கொச்சைப்படுத்தியது, இன்னொருவர் அதையே பட்டத்துக்கு ஆதாரமாக நீட்டினார்.

கல்லறையைவிட்டு வெளியே வந்தபின்னும் 1699 என்ற எண் என்னை விடவில்லை. அந்தப் பத்தாண்டில்தான் உலகின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், சூனியக்காரி என்று பெயர் சூட்டி ஆட்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேலம் என்ற ஊர், நம் மாம்பழச் சேலம் இல்லை. பியூரிட்டன்கள் என்ற கறாரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் ஊர். 1692 ஜனவரியில் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் ஒன்பது வயது மகளுக்கும் பதினொரு வயது உறவுக்காரப் பெண்ணுக்கும் வலிப்பு போல வந்தது. கத்தினார்கள், முறுக்கிக்கொண்டார்கள். யார் உங்களை வதைப்பது என்று பெரியவர்கள் துருவினார்கள். பிள்ளைகள் பெயர் சொன்னார்கள். முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள்: அந்த வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா, வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்த சாரா குட், சொத்து வழக்கில் ஊரைப் பகைத்துக்கொண்டு படுத்த படுக்கையாகிவிட்ட சாரா ஆஸ்போர்ன். பேய்க்கு ஊர் நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அங்கே நடந்தது கும்பல் கொலை இல்லை, முறைப்படி நீதிமன்றம். நீதிபதிகள், ஜூரிகள், சாட்சிகள், எழுத்தர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் உருவம் ஆவியாக வந்து என்னைக் கிள்ளியது என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் சாட்சியம். அந்த உருவம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறுப்பது எப்படி? நான் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால், உடம்பு தூங்கியது, ஆவி வந்தது என்பார்கள். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஜைல்ஸ் கோரி நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லவே மறுத்ததால் நெஞ்சில் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். எழுபத்தொரு வயது ரெபெக்கா நர்ஸை ஜூரிகள் முதலில் விடுவித்தார்கள். அரங்கில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் திரும்பப் போய் யோசித்து, குற்றவாளி என்றார்கள். ஆம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் கயிற்றிலிருந்து தப்பினார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னவர்கள்தான் தொங்கினார்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கொசுறுச் செய்தி இருக்கிறது. அதே 1692 அக்டோபரில் சென்னைக் கோட்டைக்குப் புது கவர்னர் பொறுப்பேற்றார். பதவி இழந்தவர் எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். பொறுப்பேற்றவர் நத்தானியேல் ஹிக்கின்சன். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயரும் அவர்தான். பிறந்தது அமெரிக்காவில், படித்தது ஹார்வர்டில். அவருடைய அப்பா ஜான் ஹிக்கின்சன் சேலம் நகரத்தின் மூத்த பாதிரியார். கோட்டையில் அண்ணன் கவர்னராவதற்கு நாலு மாதம் முன்னால், ஜூன் மாதம், அங்கே தங்கை ஆன் டாலிவரை சூனியக்காரி என்று பிடித்து விசாரித்திருந்தார்கள்.

கணவன் கைவிட்டுப் போனபின் அப்பா வீட்டில் இருந்தவள் ஆன். மனம் சரியில்லாதவள். மெழுகுப் பாவை செய்ததுண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். ஒன்றிரண்டு செய்தேன், பதினான்கு வருஷம் ஆயிற்று என்றாள். ஏன் செய்தாய்? எனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், வைத்தவரைத் திருப்பி வதைக்க இதுதான் வழி என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். செய்வினைக்கு எதிர்வினை! இந்த வாக்குமூலத்தைத் தமிழில் பெயர்த்துக் கொல்லிமலை அடிவாரத்தில் படித்துக் காட்டினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆன் தூக்குக்குப் போகவில்லை. பாதிரியார் மகள் என்பதற்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பிச்சைக்காரி சாரா குட்டுக்கு அப்படி அப்பா இல்லை. அவளைத் தூக்கிலிட்டார்கள்.

சரி, மலாய் நாட்டில் சூனியக்காரரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதைச் சொல்ல ஜொகூருக்கு வடக்கே, மூவார் தாண்டி மலாக்காவில் ஓர் ஆள் இருந்தார். முன்ஷி அப்துல்லா, 1796-இல் பிறந்தவர், நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படுபவர். ஏமனிலிருந்து வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா நாகூரில் பெண் கட்டிக் குடியேறியவர். மலாக்காவில் கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம், கணக்கு வழக்குக்கு அது வேண்டும் என்று அப்பா அவரைத் தமிழ் வாத்தியாரிடமும் அனுப்பினார். பின்னாளில் லண்டன் மிஷன் பாதிரியார்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் வில்லியம் மில்ன் என்பவருக்கு மலாய்ப் பேய்கள் மேல் தீராத ஆர்வம். அப்துல்லா அதையெல்லாம் மதித்தவர் இல்லை. ஆனாலும் விவரமாகச் சொன்னார்.

அதில் ஒன்று போலோங். கொலையுண்டவனின் ரத்தத்தைக் குப்பியில் அடைத்து மந்திரித்து வளர்க்கும் குட்டிப் பேய், விரல் கணு அளவு. வளர்ப்பவர் தன் விரலைக் கீறி ரத்தம் ஊட்ட வேண்டும். அதற்கு முன்னோடியாகப் பெலேசிட் என்ற வெட்டுக்கிளி போகும், பின்னாலேயே போலோங் ஆளுக்குள் புகும். புகுந்தால் நோயாளி கத்துவார், புரளுவார். மந்திரவாதியை அழைப்பார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி: உன் தாய் யார்? நோயாளி வாயிலிருந்து வேறொரு குரல், கீச்சென்று, பெயரைச் சொல்லும். எந்த ஊர் என்றும் சொல்லும்.

சேலத்திலும் இதே கேள்விதான். உடுக்கை அடித்துக்கொண்டு நம் கோடாங்கி கேட்பதும் இதுதான்: யார் ஏவி வந்தே? மூன்று மதம், மூன்று கடல், ஒரே கேள்வி. நோய்க்குக் காரணம் எது என்று கேட்டிருந்தால் எல்லோரும் வைத்தியத்துக்குப் போயிருப்பார்கள். யார் என்று கேட்டதால் பதிலாக ஒரு அயல்வீட்டுக்காரி வருகிறாள்.

ஊருக்குள் வந்து சாப்பாட்டுக் கடைத் தெருவில் வண்டியை நிறுத்தினோம். முக்காடிட்ட அம்மா ஒருவர் வாணலியில் செம்பெடாக் பொரித்துக்கொண்டிருந்தார். பலாவுக்குத் தங்கை முறை, சுளை குழைவாக, மணம் தூக்கலாக இருக்கும். கொட்டையோடு மாவில் தோய்த்துப் போடுகிறார்கள். எண்ணெயில் விழுந்ததும் முதலில் மூழ்கி, பிறகு ஒவ்வொன்றாகத் தலைதூக்கி, விளிம்பு பழுப்பேறி மொறுமொறுக்கும்போது அந்த அம்மா கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றி அள்ளினார். ஐந்து வெள்ளிக்கு ஒரு பை நிறைய. கொட்டையும் வெந்து மாவாகிவிட்டது, அதையும் தின்னலாம். பலாச்சுளைக்காக ஒருத்தியைக் கிழித்த ஊரில் இதைத் தின்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த சுளையை எடுப்பதற்கு அது தடையாக இருக்கவில்லை.

போலோங்கைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுநர் அண்ணன் தன் அத்தை கதையை எடுத்தார்.

எழுபதுகளில் நடந்தது. கல்யாணம் ஆகி லயத்துக்கு வந்த அத்தைக்கு ஒரு மழைக்காலத்தில் இழுப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுவாள், எழுந்தால் யாரையும் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பூசாரி வந்தார், வேப்பிலை அடித்தார், பலனில்லை. "அப்புறம் போமோகிட்ட கூட்டிட்டுப் போனாங்க சார். மலாய் ஆளு. நம்ம ஆளைவிட அவங்களுக்குத்தான் பவர் அதிகம்னு நெனப்பு. அவங்க ஆளுங்க நம்ம சாமிகிட்ட வருவாங்க, அதுவும் நடக்கும்." உள்ளூர் மாடு விலைபோகாது என்பது மந்திரத்துக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் மலையாள மாந்திரீகம் என்றால்தான் மரியாதை.

போமோ கேட்டார், யார் அனுப்பியது. அத்தை, நாலாவது வீட்டுக்காரி பெயரைச் சொன்னாள். புருஷன் இல்லாதவர், இரண்டு பெண் பிள்ளைகள், தோட்டத்தில் சீட்டுப் பிடித்து நடத்தியவர். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அவர் வந்தால் பொதுக் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போது அவருக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நிற்பார்கள். மேற்பார்வை பார்த்த மண்டோர் அவரைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டப் போட்டார். கூலி குறைந்தது. ஒரு வருஷத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டுப் போய்விட்டார்.

"யாரும் போலீசுக்குப் போகலையா?"

"என்னான்னு சொல்றது சார்? ரெண்டு பக்கம் எடம் விட்டு நிக்கிறாங்கன்னா?"

நியாயமான கேள்வி. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் நீரிணைக் குடியேற்றங்கள் வழியாக மலாயாவுக்கு வந்தது. தெய்வக் கோபம் உன்மேல் விழும் என்று ஒருவரை நம்பவைத்து மிரட்டிக் காரியம் சாதிப்பது அதில் 508-ஆம் பிரிவுப்படி குற்றம், அவதூறும் குற்றம். ஆனால் வலிப்பில் கிடப்பவள் வாயிலிருந்து வந்த பெயருக்கு எந்தப் பிரிவைப் போடுவது? ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதையே தனிக் குற்றமாக்கி இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது பீகார், 1999-இல். பிறகு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அஸ்ஸாம். அங்கெல்லாம் அடித்துக் கொல்வதுவரை போகிறது, அதனால் சட்டம் வந்தது. குழாயடியில் பேச்சை நிறுத்துவதற்குச் சட்டம் எங்கும் இல்லை.

சேலத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவெல், 1697 ஜனவரியில் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய தப்பை ஒப்புக்கொண்ட சீட்டைப் பாதிரியார் சபை முன்னால் வாசித்தார். பெயர் சொன்ன பெண்களில் முக்கியமானவளான ஆன் புட்னமும் 1706-இல் அப்படியே நின்றாள். 1711-இல் பலருடைய தண்டனையை ரத்து செய்து, குடும்பங்களுக்கு 578 பவுண்டுக்கு மேல் பங்கிட்டுக் கொடுத்தார்கள். விடுபட்டுப்போன எலிசபெத் ஜான்சனின் பெயரைத் துடைக்க 2022 ஆனது. ஆன் புட்னமின் மன்னிப்பில் ஒரு நெருடல் உண்டு. சாத்தான் என்னை மயக்கிச் சொல்லவைத்தான் என்றாள். அவள் சொன்னதால் செத்தவர்கள்மேல் அதே சாத்தானோடு சேர்ந்தவர்கள் என்றுதான் குற்றம் சாட்டியிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். வண்டி திரும்ப உலு திராம் பக்கம் வந்திருந்தது. அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டதாம். தோட்டம் விற்று, லயங்களை இடித்து, எல்லோரும் வெளியே வந்து தாமான் எனப்படும் குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டார்கள். அத்தை இருக்கும் அதே தாமானில், மாசாயில், நாலாவது வீட்டுக்காரியின் பெரிய மகளும் இருக்கிறார். கல்யாணம், கருமாதியில் பார்த்துக்கொள்வார்கள். பேச்சு வார்த்தை உண்டு.

"அத்தைகிட்ட ஒரு தடவ கேட்டேன் சார். ஏன் அத்தை அப்ப அப்படிச் சொன்னீங்கன்னு. நானா சொன்னேன், அதுல்ல சொல்லுச்சுங்கறாங்க."

"இழுப்பு?"

"அது ரெண்டு புள்ள பொறந்தப்பறம் தானா நின்னுடுச்சு." சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, பையில் மிச்சமிருந்த செம்பெடாக்கை என் பக்கம் நீட்டினார். "அவங்ககிட்ட அத்தை சீட்டு எடுத்திருந்தாங்க சார், முந்நூறு வெள்ளி. அந்தக் காசு மட்டும் கடைசி வரைக்கும் குடுக்கல."